வெளியுறவு அமைச்சகம் உண்மையில் எதைக் காக்கிறது?

1919 ஜூலை 22 அன்று நார்வேயின் வெளியுறவு அமைச்சர் ஈலன், டென்மார்க் தூதரிடம் ஒரு வாக்கியம் சொன்னார்: கிரீன்லாந்து முழுவதும் தன்னுடையது என்று டென்மார்க் கேட்கும் விஷயத்தில் நார்வே அரசு எந்தச் சிக்கலும் செய்யாது. சொன்னதைக் குறிப்பாக எழுதி, தேதியும் போட்டு வைத்தார். ஒப்பந்தம் என்று எதுவும் போடவில்லை. 1931இல் கிழக்கு கிரீன்லாந்தின் ஒரு பகுதி தன்னுடையது என்று நார்வே அறிவிக்கப்போய், வழக்கு ஹேக் நகரிலிருந்த பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 1933இல் நார்வே தோற்றது. வேறு காரணங்களும் உண்டு, ஆனால் வெளியுறவு அமைச்சர் தன் பொறுப்புக்கு உட்பட்ட விஷயத்தில் இன்னொரு நாட்டுத் தூதருக்குச் சொல்லும் பதில் நாட்டையே கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றம் அப்போது தெளிவாகச் சொல்லிவிட்டது.

விருந்து, கைகுலுக்கல், புகைப்படம் எல்லாம் வெளியே தெரிவது. உள்ளே நடக்கும் பெரிய வேலை, நாடு யாரிடம் என்ன சொல்லியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து சொல்வது அதோடு முட்டாமல் பார்த்துக்கொள்வது. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் வர்த்தகத் துறை ஒரு பக்கம் இழுக்கும், ராணுவம் இன்னொரு பக்கம் இழுக்கும், தலைவர் மேடையில் வேறு ஏதாவது பேசிவிடுவார்.

ஒவ்வொரு நாட்டுக்கும் அல்லது பகுதிக்கும் அமைச்சகத்தில் ஒரு பிரிவு இருக்கும். தூதரகங்களிலிருந்து வரும் அறிக்கைகள் அங்கேதான் வந்து சேரும். தந்தி போன பிறகும் அவற்றைக் 'கேபிள்' என்றுதான் சொல்கிறார்கள். நல்ல கேபிளில் அவர்கள் சொன்னது, நாம் சொன்னது, அதைப் பற்றித் தூதர் நினைப்பது மூன்றும் கலக்காமல் தனித்தனியாக இருக்கும். அறிக்கை வெளியிடும்போதும் இதே கவனம்தான். 'கவலை கொள்கிறோம்' என்பதற்கும் 'கண்டிக்கிறோம்' என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை எதிர்த்தரப்பு அளந்து பார்க்கும் என்பதால், ஒரு சொல்லுக்காக வரைவு பல மேசைகளைச் சுற்றி வரும்.

சரி, தூதர்கள் எந்தத் தைரியத்தில் அந்நிய மண்ணில் வேலை செய்கிறார்கள்? 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைதான் அடிப்படை. ஒருவரைத் தூதராக அனுப்பும் முன் அந்த நாட்டின் சம்மதம் வாங்க வேண்டும். மறுத்தால் அவர்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வந்தவரைப் பிடிக்கவில்லை என்றால் திருப்பி அழைத்துக்கொள்ளச் சொல்லலாம், அதற்கும் காரணம் தேவையில்லை. ஆனால் கைது செய்ய முடியாது, தலைமைத் தூதரின் அனுமதி இல்லாமல் தூதரகத்துக்குள் நுழையவும் முடியாது. இந்தப் பாதுகாப்பு அந்த ஆளுக்கான சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது அவரை அனுப்பிய அரசுக்கு உரியது, அந்த அரசு விட்டுக்கொடுத்தால் வழக்கு நடக்கும். பெரும்பாலான நாடுகள் இதை மதிப்பதற்குக் காரணம், தங்கள் ஆட்களும் அங்கே இருக்கிறார்கள் என்பதுதான்.

சாதாரண மனிதருக்கு இதெல்லாம் உறைப்பது வெளிநாட்டில் மாட்டிக்கொள்ளும்போதுதான். 1963இல் வந்த தூதரகச் சேவை உடன்படிக்கைப்படி, கைதான வெளிநாட்டவரிடம் 'உங்கள் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கலாம்' என்று தாமதமில்லாமல் சொல்லியாக வேண்டும். தூதரக அதிகாரி சிறைக்கு வந்து பார்க்கலாம், வழக்கறிஞர் ஏற்பாடு செய்யலாம். விடுவித்துக் கூட்டிப்போக மட்டும் அவருக்கு அதிகாரம் கிடையாது.

உறவே முறிந்துவிட்டால்? அப்போதும் வேலை நிற்பதில்லை, மூன்றாவது நாடு ஒன்று நடுவில் நிற்கும். 1980 முதல் ஈரானில் அமெரிக்காவின் நலன்களைச் சுவிட்சர்லாந்துதான் கவனிக்கிறது. வாஷிங்டனில் ஈரானின் நலன்களைக் கவனிக்கும் பிரிவு பாகிஸ்தான் தூதரகத்தின் பொறுப்பில் இயங்கி வந்திருக்கிறது.