படிக்க முடியாமல் தோற்றவர்கள்

வீடியோ விளையாட்டுச் சோதனை அறையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எதிர்ப்புறம் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் சோபாவில் சாய்ந்து, கையில் கன்ட்ரோலருடன், நாங்கள் இரண்டு ஆண்டுகளாக உருவாக்கிவந்த விளையாட்டை முதன்முறையாக விளையாடிக்கொண்டிருந்தார். பனிமலைக் காட்சி. ஓநாய் ஒன்று பாய்கிறது. அதைத் தடுக்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்ற குறிப்பு திரையின் கீழ் மூலையில் தோன்றி மறைகிறது. அவர் அழுத்தவில்லை. மறுபடியும் அதே இடம், அதே ஓநாய், அதே சாவு. ஏழாவது முறை கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, “மன்னித்துக்கொள்ளுங்கள், என் கைக்கு இந்த வேகம் வராது” என்றார்.

அவர் கையில் ஒரு குறையும் இல்லை. வெண்பனியின் மேல் வெள்ளை எழுத்தில் வந்த குறிப்பு அவர் கண்ணில் ஒரு தடவைகூடப் படவில்லை. அதை அந்த இடத்தில், அந்த நிறத்தில் வைத்தது நான்.

இடைமுக வடிவமைப்பில், அதாவது திரையில் வரும் எழுத்து, பொத்தான், மெனு ஆகியவற்றை அமைப்பதில், இத்தனை ஆண்டுகள் வேலை செய்த பிறகும் என்னை உறுத்திக்கொண்டிருப்பது அந்த மன்னிப்புதான். ஒரு விண்ணப்பப் படிவத்தில் எழுத்து பொடியாக இருந்தால் நாம் அச்சடித்தவரைக் குறை சொல்கிறோம். விளையாட்டில் அப்படிச் செய்வதில்லை. தோற்றால் தவறு தன்னுடையது என்று ஒத்துக்கொண்டுதான் ஒருவர் விளையாடவே உட்காருகிறார். ஆகவே திரையில் தெரியாத எழுத்தையும் தன் திறமைக் குறைவின் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார். “படிக்க முடியவில்லை” என்ற புகார் எங்களுக்கு வருவது அபூர்வம். வருவதெல்லாம் “மிகவும் கடினம்” என்பதுதான்.

அந்த வாரத்துச் சோதனை அறிக்கையிலும் அந்தச் சொல்லே நிறைந்திருந்தது. குழு அதை நம்பி ஓநாய்களின் வேகத்தைக் குறைத்தது. இரண்டு வாரம் அந்த வேலை நடந்தது. அடுத்த சோதனையிலும் பலர் அங்கேயே விழுந்தார்கள். பிறகுதான் ஒளிப்பதிவுகளை நிதானமாக ஓடவிட்டு, அவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று கவனித்தோம். எழுத்துக்குப் பின்னால் ஒரு கருப்புப் பட்டையை வைத்து, எழுத்தையும் பெரிதாக்கினோம். ஒரு பிற்பகல் வேலை. ஓநாய்களுக்குப் பழைய வேகத்தைத் திருப்பிக் கொடுத்தோம்; யாரும் முறையிடவில்லை.

இவ்வளவு வெளிப்படையான பிழை எங்கள் கண்ணுக்கு ஏன் தப்பியது? வடிவமைப்பாளர் தன் எழுத்தைப் படிப்பதே இல்லை. ஆயிரம் முறை பார்த்த வரி அது. பார்வை அந்த மூலையைத் தொட்டவுடன் மீதியை நினைவு நிரப்பிவிடும். “எனக்கு நன்றாகத் தெரிகிறதே” என்று கூட்டத்தில் ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாட்சியத்துக்கு மதிப்பில்லை. அந்த வரியை இதுவரை பார்க்காத ஒருவர்தான் சாட்சி. அப்படிப்பட்டவர் ஒரு முறைக்கு மேல் உதவமாட்டார் என்பதால், புதிய கண்களுக்குத் தட்டுப்பாடு எப்போதும் உண்டு.

நினைவுக்கு அடுத்தபடி ஏமாற்றுவது தூரம். நாங்கள் 24 அங்குல மானிட்டரை 60 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்த்து வேலை செய்கிறோம். விளையாடுபவர் 55 அங்குலத் தொலைக்காட்சியை 3 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து பார்க்கிறார். திரை பெரிதுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரே தெளிவுத்திறனில் இயங்கும் அந்த இரண்டு திரைகளில், தொலைக்காட்சியில் உள்ள எழுத்து கண்ணுக்குள் விழும் அளவு மானிட்டரில் விழுவதில் பாதிகூட இல்லை. என் மேசையில் ‘சற்றுச் சிறியது’ என்று படும் எழுத்து அங்கே எறும்பாகிவிடும்.

எங்கள் தொழில் இதை ஒரே தடவையில் கற்றுக்கொண்டுவிடவில்லை. திரும்பத் திரும்பக் கற்கிறது. 2006ஆம் ஆண்டில் ‘டெட் ரைசிங்’ என்ற விளையாட்டு வந்தபோது, உயர்தெளிவுத் திரையை மனத்தில் வைத்து அமைத்த அதன் எழுத்துகளைப் பழைய டியூப் தொலைக்காட்சி வைத்திருந்தவர்களால் படிக்க முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2018இல், உலகமே கொண்டாடிய ‘காட் ஆஃப் வார்’ விளையாட்டுக்கும் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி வெளியீட்டுக்குப் பிந்தைய திருத்தமாகவே வந்தது. இரண்டையும் செய்தவர்கள் திறமைசாலிகள். திறமை இந்தப் பிழையிலிருந்து யாரையும் காப்பாற்றுவதில்லை.

இப்போது கைக்கு எட்டும் அளவுகோல்கள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் அணுகல் வழிகாட்டி (குறைபாடு உள்ளவர்களும் விளையாட வழிசெய்வதுதான் ‘அணுகல்’), 1080 வரிசைப் பிக்சல்கள் கொண்ட திரையில், தொலைக்காட்சியோடு இணைக்கும் கன்சோல் கருவிக்கான விளையாட்டுகளின் எழுத்து 26 பிக்சலுக்கும், கணினி விளையாட்டுகளின் எழுத்து 18 பிக்சலுக்கும் குறையக்கூடாது என்கிறது. கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரை வேண்டுமானால், 30 சென்டிமீட்டர் தொலைவில் படிக்க முடிய வேண்டும், 1280க்கு 800 திரையில் எந்த எழுத்தின் உயரமும் 9 பிக்சலுக்குக் கீழே போகக்கூடாது என்பது அதைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனத்தின் விதி. இவையெல்லாம் குறைந்தபட்சங்கள். வருத்தம் என்னவென்றால், பல குழுக்கள் குறைந்தபட்சத்தையே இலக்காக வைத்து, அதைத் தொட்டதும் நிறுத்திவிடுகின்றன.

அந்த 9 பிக்சல் தமிழுக்குப் போதவே போதாது. மெய்யெழுத்தின் புள்ளியும் இகரத்தின் மேல்விலங்கும் எழுத்துக்கு மேலே இடம் கேட்கின்றன. உகரக் குறிகள் கீழே இறங்குகின்றன. ‘விடு’ என்ற கட்டளைக்கும் ‘வீடு’ என்ற இடத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு சுழி. சின்ன அளவில் அந்தச் சுழி அடைந்துபோனால், விளையாடுபவர் கயிற்றை விடுவாரா, வீட்டைத் தேடுவாரா? கொ, கோ போன்ற எழுத்துகளில் ஒரே உயிர்க்குறி எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். அதை அடுக்கத் தெரியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடியும் சொல்லுக்காக வெட்டிய பொத்தானில் நம் சொல் பாதியில் அறுந்து தொங்குவதும் அன்றாடக் காட்சி. மொழிபெயர்ப்பு கடைசி மாதத்தில் வரட்டும் என்று விட்டுவிடும் குழுக்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதல் வாரத்திலேயே நீளமான மொழியின் சொற்களை உள்ளே போட்டுப் பாருங்கள். பெட்டிகள் அப்போதே உடையட்டும். அப்போது உடைந்தால் சீர்செய்யலாம். நீளமான மொழிக்காக நெகிழ்ந்து கொடுக்கும் பெட்டி, பின்னாளில் எழுத்தைப் பெரிதாக்கும்போதும் நெகிழ்ந்து கொடுக்கும்.

இனி நிறம். எழுத்தின் ஒளிர்வுக்கும் பின்னணியின் ஒளிர்வுக்கும் உள்ள விகிதத்தை வலை அணுகல் வழிகாட்டி கணக்கிடும் முறை விளையாட்டுக்கும் பயன்படும். வெள்ளையில் கருப்பு என்றால் 21க்கு 1. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3 இருக்க வேண்டும். இந்தக் கணக்கு கண்ணைத் திறந்துவிடும். கருப்பின் மேல் தூய பச்சைக்கு 15.3 கிடைக்கிறது. தூய சிவப்புக்கு 5.3. தூய நீலத்துக்கு வெறும் 2.4. வண்ணத் தேர்வுப் பெட்டியில் மூன்றும் முழுச் செறிவுள்ள, பளிச்சென்ற நிறங்களாகவே தெரிகின்றன. மந்திர சக்தியின் அளவைக் கருப்புப் பின்னணியில் நீல எண்களாகக் காட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 2.4 நினைவுக்கு வரும்.

வலைப்பக்கத்தின் பின்னணி அசையாது. விளையாட்டில் அசைந்துகொண்டே இருக்கும். குகையில் நன்றாகத் தெரிந்த எழுத்து, வெளியே வந்து பனியில் கால் வைத்ததும் கரைந்துவிடும். குண்டு வெடித்தால் அந்த நொடிக்கு ஒன்றுமே இல்லை. ஆகவே அழகான ஒரு படத்தை எடுத்து வைத்து விகிதத்தை அளப்பதில் பயனில்லை. விளையாட்டிலேயே மிக வெளுத்த காட்சியிலும் மிக இருண்ட காட்சியிலும் அளக்க வேண்டும். எழுத்தைச் சுற்றி மெல்லிய கோடு போடுவது ஓரளவு உதவும். நம்பகமான தீர்வு பின்னால் ஒரு பட்டை.

பட்டை என்றதும் ஓவியக் குழுவின் முகம் வாடும். காட்சியின் அழகைக் கெடுக்கிறது என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. மாதக்கணக்கில் வரைந்த வானத்தின் மேல் கருப்புச் செவ்வகம் ஒட்டுவதை யாரும் விரும்பமாட்டார்கள். இந்த வாதத்தில் நான் பல தடவை தோற்றிருக்கிறேன். இப்போது நான் கேட்பது, பட்டையின் அடர்த்தியைக் கூட்டவும் குறைக்கவும் விளையாடுபவரிடமே ஒரு கட்டுப்பாட்டைக் கொடுங்கள் என்பது. தொடக்கத்தில் பட்டை இருக்கட்டும், வேண்டாதவர் நீக்கிக்கொள்வார். மறைந்திருக்கும் எழுத்தை ஒருவர் தேடிப்போய்க் கண்டுபிடித்து வரவழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதைவிட இது நியாயமானது.

வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கும், பெண்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்கும் நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு. பெரும்பாலும் சிவப்பு–பச்சைக் குழப்பம். இதில் ஒரு வகையினருக்குச் சிவப்பு வேறு நிறமாகத் தெரிவதோடு நிற்பதில்லை. மங்கி, இருண்டு போகிறது. விளையாட்டில் பாத்திரத்தின் உயிர் குறையும்போது திரையின் ஓரம் சிவந்து எச்சரிப்பது எங்கள் தொழிலின் பழைய வழக்கம். இருட்டுக் காட்சியில் அந்த எச்சரிக்கை அவர்களை எட்டுவதே இல்லை.

இதற்கு மருந்து என்று பல விளையாட்டுகள் ஒரு வண்ண வடிகட்டியைக் கொடுக்கின்றன. அதைப் போட்டால் திரை முழுவதும் நிறம் மாறுகிறது. வானம், புல், முகங்கள் எல்லாமே. குறைபாட்டோடு வாழ்பவர் அந்த உலகத்துக்கு வாழ்நாள் முழுவதும் பழகியவர். வானத்தின் நிறத்தை அவருக்கு யாரும் திருத்தித் தர வேண்டியதில்லை. எதிரி யார், நண்பர் யார் என்று தெரிந்தால் போதும். எதிரியின் விளிம்பு நிறத்தை அவரே தேர்ந்துகொள்ளட்டும். அதோடு நிறத்துக்குத் துணையாக ஒரு வடிவமும் இருக்கட்டும்: எதிரிக்கு முக்கோணம், நண்பருக்கு வட்டம். 2020இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகம் 60க்கும் மேற்பட்ட அணுகல் அமைப்புகளைக் கொண்டிருந்தது. அதில் நான் மிகவும் மதிப்பது உயர் வேறுபாட்டு முறை. சூழலின் வண்ணங்களை அடக்கிவிட்டு, எதிரி, நண்பர், எடுக்க வேண்டிய பொருள் ஆகியவற்றைத் தனித்தனி நிறங்களில் நிறுத்திக் காட்டுகிறது. உங்கள் விளையாட்டில் இவ்வளவு செய்ய முடியாவிட்டாலும், ஒரு திரைப்படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பதுபோல் உங்கள் திரைப்பிடிப்பை மாற்றிப் பாருங்கள். எது முக்கியம் என்று அதிலும் தெரிய வேண்டும்.

“இதெல்லாம் சிலருக்காகத்தானே?” என்று கேட்பவர்களுக்கு யூபிசாஃப்ட் என்ற விளையாட்டு நிறுவனம் வெளியிட்ட ஒரு விவரத்தைச் சொல்வேன். ‘அசாசின்ஸ் கிரீட் ஒரிஜின்ஸ்’ விளையாட்டில் வசன வரிகள் தொடக்கத்தில் அணைக்கப்பட்டிருந்தன. சுமார் 60 விழுக்காட்டினர் தேடிப்போய் அவற்றை இயக்கிக்கொண்டார்கள். அடுத்து வந்த ‘ஒடிசி’யில் வரிகள் இயங்கிய நிலையிலேயே விளையாட்டு தொடங்கியது, சுமார் 95 விழுக்காட்டினர் அணைக்கவே இல்லை. இத்தனை பேரும் செவித்திறன் குறைந்தவர்கள் அல்லர். பக்கத்தில் குழந்தை தூங்கியிருக்கலாம். பாத்திரத்தின் உச்சரிப்பு பிடிபடாமல் இருந்திருக்கலாம். அந்த வரிகளைத்தான் இரண்டாந்தர வேலையாக நினைத்து, கடைசியில், கிடைத்த எழுத்துருவில் ஒட்டுகிறோம்.

வெள்ளெழுத்தை மறந்துவிடக் கூடாது. நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பொருளில் பார்வை குவிவது அநேகமாக எல்லோருக்கும் கடினமாகிறது. 1980களில் சிறுவயதில் விளையாடத் தொடங்கிய தலைமுறை இன்று ஐம்பதை நெருங்கியும் கடந்தும் இருக்கிறது. அவர்கள் கையில் இப்போது இருப்பது கைபேசியும் கையடக்கக் கருவியும். அதாவது, வெள்ளெழுத்து மிகவும் தொல்லை தரும் அதே தொலைவு. மெனுக்களை வரையும் குழுக்களிலோ பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். அவர்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. அந்தக் கண் இன்னும் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

மினுமினுப்பைப் பற்றி ஒரு சொல்: நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடும் காட்சி வலிப்பைத் தூண்டக்கூடியது. இது படிக்கும் வசதியைத் தாண்டி உடல்நலம் சம்பந்தப்பட்டது. இதில் பேரம் கூடாது.

நல்ல அமைப்புகள் இருந்தும் பயன்படாமல் போவதையும் பார்த்திருக்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி மூன்று மெனுக்களுக்கு உள்ளே, அதே பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். அங்கே போவதற்குள் முதல் காட்சியும் முதல் பயிற்சியும் முடிந்துவிடும். கண்டுபிடித்து இயக்கினாலும் வசன வரி மட்டும் பெரிதாகும்; பொருள்களின் விவரம், வரைபடத்தின் பெயர்கள், கடிதங்கள் எல்லாம் பழைய அளவிலேயே நிற்கும்.

இப்போது நான் வேலை செய்யும் விளையாட்டில் முதல் திரையை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். இசை இல்லை, பின்னணிப் படம் இல்லை. விளையாட்டில் மிகச் சிறிதாக வரப்போகும் அளவில் ஒரே ஒரு வாக்கியம், அதன் கீழே இரண்டு பொத்தான்கள். பழக்கத்தில் முதல் பொத்தானைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் அதிகம் என்பதால் “இன்னும் பெரிதாக” என்பதை முதலில் வைத்தோம். “இது போதும்” என்பது இரண்டாவது. பொத்தான்களின் எழுத்து மட்டும் தொடக்கத்திலிருந்தே பெரியது. சென்ற மாதச் சோதனையில் ஒரு பெண்மணி மூக்குக்கண்ணாடியை எடுக்கப் பைக்குள் கைவிட்டார், திரையைப் பார்த்தார், கையை வெளியே எடுத்து, முதல் பொத்தானை மூன்று முறை அழுத்திவிட்டு விளையாடத் தொடங்கினார்.