விசா வேண்டாம் என்று சொன்ன பிறகும் பார்க்க வேண்டியவை

போன வருஷம் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு கோலாலம்பூர் போகக் கிளம்பினேன். பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்பது பெரியம்மாவின் நாள்பட்ட ஆசை. மலேசியாவுக்கு விசா வேண்டாம் என்று தெரிந்ததும் டிக்கெட் போட்டுவிட்டோம். மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுண்டரில் இருந்த பெண், பெரியப்பாவின் பாஸ்போர்ட்டைத் திறந்து, காலாவதி தேதியைப் பார்த்துவிட்டு விரல் விட்டு மாதங்களை எண்ணினார்.

"ஐயா, நாலு மாசம்தான் இருக்கு. ஆறு மாசம் இருக்கணும்."

"அஞ்சு நாள்ல திரும்பிடுவோமேம்மா."

"இருக்கலாம் ஐயா. அங்க உள்ள விடமாட்டாங்க. நாங்க ஏத்தவும் முடியாது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. தப்பு என் மேல்தான். விசா வேண்டுமா வேண்டாமா என்பதை மட்டும் பார்த்தேன், பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு மூன்று பேரும் பெட்டிகளோடு டாக்சி பிடித்து வீடு திரும்பினோம். வழியெல்லாம் பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மாதிரி இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆறு மாதக் கணக்கு. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, இந்தோனேசியா என்று நம் ஊரிலிருந்து அதிகம் போகும் நாடுகள் பலவும், நீங்கள் அங்கே போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. எத்தனை நாள் தங்கப் போகிறீர்கள் என்பது இந்தக் கணக்கில் வராது. குழந்தைகளின் பாஸ்போர்ட்டைத் தனியாகப் பாருங்கள். பெரியவர்களுக்கு 10 வருஷம், சிறுவர்களுக்குப் பெரும்பாலும் 5 வருஷம்தான். அதனால் வீட்டில் முதலில் காலாவதி ஆவது பிள்ளைகளுடையதாகத்தான் இருக்கும். காலாவதிக்கு ஒரு வருஷம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். சென்னைக்காரர்களுக்குச் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் சேவா கேந்திரங்கள் இருக்கின்றன. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கலில் போட்டால் மேலே 2,000 ரூபாய்.

விமான நிறுவனம் ஏன் இவ்வளவு கறார் காட்டுகிறது? தகுந்த ஆவணம் இல்லாத பயணியை இறக்கினால் பல நாடுகள் விமான நிறுவனத்துக்கே அபராதம் போடும், திருப்பி அழைத்து வரும் பொறுப்பும் அவர்கள் தலையில் விழும். அதனால் உண்மையான முதல் சோதனை கோலாலம்பூரில் இல்லை, நம் செக்-இன் கவுண்டரில் நடக்கிறது. அங்கே கெஞ்சிப் பயனில்லை.

அடுத்து, 'விசா வேண்டாம்' என்ற சொல். தி. நகரில் டிராவல்ஸ் பலகைகளில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் நாலு வேறு விஷயங்களைக் கலந்துவிடுகிறார்கள்.

நிஜமாகவே விசா இல்லாமல் நுழைவது ஒரு வகை. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாள் வரை இப்படி அனுமதிக்கிறது. 2026 டிசம்பர் 31 வரை என்று நீட்டித்திருக்கிறார்கள். போய் இறங்கியதும் அங்கேயே விசா தருவது இன்னொரு வகை. மாலத்தீவு கட்டணமில்லாமல் தருகிறது. பாலிக்குப் போகிறவர்கள் 5 லட்சம் இந்தோனேசிய ரூபியா கட்டி 30 நாள் வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது, ஆன்லைனில் முன்கூட்டியே வாங்க வேண்டிய இ-விசா. வியட்நாம் இந்த வகை. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை என்றால் 50 டாலர், 90 நாள் வரை தருவார்கள். விண்ணப்பத்தில் எந்த விமான நிலையம் வழியாக நுழைவீர்கள் என்று கேட்பார்கள், அதையும் தேதியையும் டிக்கெட்டோடு ஒத்துப் பார்த்துப் போடுங்கள். இலங்கைக்கு இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி. அதையும் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. கடைசியாக, முறையாக விண்ணப்பித்து விசா வாங்கியே தீர வேண்டிய நாடுகள்.

சிங்கப்பூர் இந்தக் கடைசி வகையில் வருகிறது. பக்கத்து வீட்டுக்குப் போவது போல நாம் போய் வருகிற ஊர் என்பதால் பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகப் பயணத் தேதிக்கு 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், அதற்கு மேல் ஏஜென்ட் கூலி. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னால் கொடுத்திருக்க வேண்டும். மே மாத விடுமுறைக்குப் போகிறவர்கள் பொங்கல் முடிந்ததுமே அப்பாயின்ட்மென்ட் பார்த்துவிடுங்கள்.

நேபாளம் இந்தியருக்கு எப்போதும் விசா இல்லாத நாடு, பாஸ்போர்ட்கூட வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட் இல்லாமல் விமானத்தில் போகிறவர்கள் வாக்காளர் அட்டை கொண்டுபோக வேண்டும். ஆதார் செல்வது 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும்.

இந்த விதிகள் எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதற்குத் தாய்லாந்தே சாட்சி. 2023 நவம்பருக்கு முன் நாம் அங்கே இறங்கி, வரிசையில் நின்று, 2,000 பாட் கட்டி 15 நாள் விசா வாங்கினோம். பிறகு விசா இல்லாமல் 30 நாள் என்றார்கள். 2024 ஜூலையில் அதை 60 நாள் ஆக்கினார்கள். ஒரு வருஷத்துக்குள் மூன்று விதி! போன தடவை போய் வந்த சொந்தக்காரர் சொன்னதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தை டிக்கெட் போடும்போது ஒருமுறை, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பாருங்கள்.

விசா இல்லை என்றாலும் வருகை அட்டை உண்டு. முன்பு விமானத்தில் ஒரு சீட்டு கொடுத்துப் பேனா தேட வைப்பார்களே, அது இப்போது ஆன்லைனுக்குப் போய்விட்டது. மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து மூன்றிலும் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். மாலத்தீவுக்கு 96 மணி நேரத்துக்குள். இந்த அட்டைகளுக்குக் காசு கிடையாது. காசு கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை, அச்சு அசலாகச் செய்த போலி. முகவரியின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். தாய்லாந்து அரசுத் தளம் 'டாட் கோ டாட் டிஹெச்' என்றும், மலேசிய அரசுத் தளம் 'டாட் கவ் டாட் எம்ஒய்' என்றும் முடியும்.

சிங்கப்பூர் அட்டையில் உங்கள் சொந்த மின்னஞ்சலைப் போடுங்கள். அங்கே இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். ஏஜென்டின் மின்னஞ்சலைப் போட்டால் அது அவருக்குப் போய்ச் சேரும், உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. விசா இரண்டு வருஷத்துக்குக் கொடுத்திருந்தாலும் ஒரு தடவைக்கு எத்தனை நாள் என்பதை இமிகிரேஷன் அதிகாரிதான் முடிவு செய்வார். அப்புறம், தாய்லாந்தில் போய் இறங்கிய நாளே முதல் நாள், அது இரவு பதினொரு மணியாக இருந்தாலும் சரி. நாள் தாண்டினால் அங்கே தினம் 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000 பாட்.

இனி, தமிழர்களாகிய நமக்கென்றே இருக்கும் ஒரு சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பலரின் பாஸ்போர்ட்டில் பெயர் என்ற இடத்தில் 'முருகேசன்' என்று ஒரே சொல் இருக்கும், சர்நேம் என்ற இடம் காலியாக இருக்கும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், இப்படி ஒற்றைப் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் வந்தது. இருந்தாலும் துபாய்க்கு டிக்கெட் போடும் முன் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அடுத்த முறை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது இனிஷியலை விரித்துத் தந்தை பெயரைச் சர்நேமாகப் போட்டுவிடுவது நல்லது என்பது என் எண்ணம். எந்த விண்ணப்பத்திலும் ஆதாரில் இருப்பது போலப் போடாமல், பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து இருப்பது போலவே பெயரைப் போடுங்கள்.

பத்தாவது படிக்காத பெரியவர்களின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை, என்ற குறிப்பு இருக்கலாம். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, அமீரகம் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போதுதான் அவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும், சுற்றிப் பார்க்கப் போனால் வேண்டாம். ஆனால் நம் ஊர் இமிகிரேஷனிலேயே கொஞ்சம் கூடுதலாகக் கேள்வி கேட்பார்கள். ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் பதிவு, செலவுக்குக் காட்டப் பணம் அல்லது கார்டு, இவற்றைத் தாளில் அச்சடித்து அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். எல்லாம் மகனின் போனில் இருந்து, மகன் வேறு வரிசையில் நின்றால் அம்மா தவித்துப் போவார்.

ஒன்று மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். சுற்றுலா அனுமதியில் வேலை செய்ய எந்த நாட்டிலும் உரிமை கிடையாது. "இப்போ டூரிஸ்ட்டா போங்க தம்பி, அங்க போனதும் ஒர்க் பெர்மிட் மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள். தாய்லாந்துக்கு அப்படிப் போன நம் பிள்ளைகள் எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூடாரங்களில் அடிபட்டு மீட்கப்பட்டிருக்கிறார்கள். வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். பிரச்சினை வந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தையும், சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நல ஆணையரகத்தையும் வீட்டார் உடனே அணுகலாம்.

பெரியப்பாவின் புதுப் பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்டில் வந்த அன்றைக்கே பெரியம்மா தன்னுடையதையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்து, "இதுலயும் எத்தனை மாசம் இருக்குன்னு எண்ணிச் சொல்லுப்பா" என்றார்.