பழைய காருக்கும் செவுள் உண்டு

சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன்னே மீன் ஏலம் சூடுபிடித்துவிடும். கூடையைச் சுற்றி நிற்கும் எந்த வியாபாரியும் வஞ்சிரத்தின் பளபளப்பைப் பார்த்து விலை சொல்வதில்லை. விரலால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். ரத்தச் சிவப்பாக இருந்தால் ஒரு விலை, பழுப்பேறியிருந்தால் வேறு விலை. பழைய கார் ஏலத்துக்குப் போக நினைப்பவர்கள் ஒருநாள் காலையில் அங்கே போய் நின்று பார்ப்பது நல்லது.

நான் ஏலத்தில் முதன்முதலாக எடுத்தது ஒரு பிரீமியர் பத்மினி. பெயின்ட் பளிச்சென்று இருந்தது, இன்ஜின் மட்டும் ஓடவில்லை. வண்டியை ராயபுரத்துக்கு இழுத்து வந்தபோது, காலமெல்லாம் டிங்கர் வேலை பார்த்த என் மாமா பானட்டைத் திறக்கவே இல்லை. "கால்மிதி மேட்டத் தூக்குடா" என்றார். பிறகு பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் அடிப்பெட்டியின் மேல் வைத்தார். வைத்த வேகத்தில் கீழே விழுந்தது. "இங்க தகரமே இல்ல. எல்லாம் பட்டி" என்றார். ஓட்டையையும் பள்ளத்தையும் அடைத்துத் தேய்த்து மேலே பெயின்ட் அடிக்கும் பசைதான் பட்டி. அந்த 1,089 சிசி இன்ஜினுக்கு லேத்தில் சிலிண்டரைக் கடைந்து, பெரிய சைஸ் பிஸ்டன் போட்டதும் உயிர் வந்துவிட்டது. பாடிக்கு ஆன செலவோ அதைப்போல மூன்று மடங்கு.

காந்தம் ஏன் விழுந்தது? இந்தக் கார்களின் தகடு ஏறத்தாழ 1 மி.மீ. தடிமன். கம்பெனி பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து 0.1 மி.மீ. சொச்சம்தான். பட்டியோ பல மி.மீ. வரை நிரப்பப்படும். இரும்பிலிருந்து விலக விலகக் காந்தத்தின் பிடி மிக வேகமாகச் சரியும். கதவின் நடுவில் கெட்டியாக ஒட்டிய காந்தம் ஓரத்தில் வழுக்கினால் அங்கே யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள்.

ஆனால் துரு ஏன் அந்த அடிப்பெட்டியைத் தேடிப் போய்த் தின்கிறது? மழையும் வெயிலும் நேராக விழும் கூரை அல்லவா முதலில் போக வேண்டும்?

துரு என்பது ஒரு சின்ன பேட்டரி. ஈரமான இரும்பின் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே ஓடி, காற்று தாராளமாகப் படும் இன்னோர் இடத்தில் ஆக்சிஜனிடம் சேர்கின்றன. நல்ல காற்றோட்டம் உள்ள இடம் தப்பிக்கிறது. காற்று போதாத இடம்தான் கரைகிறது. அடிப்பெட்டிக்குள் சேறு படிந்து, வடிகால் துளை அடைபட்டால் அந்தச் சேற்றுக்கு அடியில் இருக்கும் தகடு மூச்சுமுட்டி நிற்கிறது. நம் கண்ணில் படாத அந்த இடமே பலியாகிறது.

இதோடு கடலும் சேர்ந்துகொள்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு சுமார் 33 சதவீதமே போதும். சென்னைக் காற்று அவ்வளவு வறண்டு போவது அபூர்வம். ஆகவே திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ வருடக்கணக்கில் நின்ற வண்டியின் இடுக்குகளில் படிந்த உப்புத்தூசி, கோடையிலும் முழுதாகக் காய்வதில்லை. குளோரைடு அயனிகள் அந்த ஈரத்தை மின்சாரம் நன்றாகக் கடத்தும் கரைசலாக்கி, இரும்பின் மேல் உருவாகும் காப்புப் படலத்தையும் உடைக்கின்றன. துருவாக மாறிய இரும்பு முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிப்பதால் பெயின்ட் கொப்பளிக்கிறது. வெளியே மிளகு அளவுக் கொப்புளம் தெரிந்தால் உள்ளே ஓட்டை அதைவிடப் பெரிது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் பின்சீட்டைக் கழற்றிப் பாருங்கள், வண்டல் கோடு தெரியும்.

எல்லாக் காரிலும் துருவின் விலை ஒன்றல்ல. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் தனிச் சேஸிஸ், அதாவது வண்டியின் பாரத்தைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது, உடலே எலும்பு. ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு, அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்த்திய பாடி. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் (இன்றைய அசோக் லேலண்ட்), லாரி செய்யத் தொடங்கும் முன்பு எண்ணூரில் பூட்டிய ஆஸ்டின் ஏ40-உம் தனிச் சேஸிஸ் வண்டிதான். நம் வடசென்னையில் பிறந்த கார் அது என்பதில் எனக்கு மிகப் பெருமை.

ஒரு பிவிசி பைப்பைக் கையால் முறுக்கிப் பாருங்கள், அசையாது. நீளவாக்கில் ஒரு கோடு அறுத்துவிட்டு முறுக்கினால் துணிபோல் குழையும். மூடிய குழாயின் முறுக்குத் தாங்கும் வலு, ஒரு பிளவு விழுந்தாலே அவ்வளவு சரிந்துவிடுகிறது. அம்பாசிடரின் அடிப்பெட்டியைத் துரு திறந்துவிட்டால் இதே கதைதான். வண்டியின் ஒரு பக்கத்தை ஜாக்கியில் ஏற்றிக் கதவைச் சாத்திப் பாருங்கள். கதவு இடித்தால் வண்டி வளைகிறது என்று பொருள்.

இனி விலை. நன்றாக ஓடும் அதே மாடல் 4 லட்சம் போகும் என்று வைத்துக்கொள்வோம். ஏலத்தில் எடுத்ததைச் சரிசெய்ய பாடிக்கு 1.5 லட்சம், இன்ஜினுக்கு 60,000, வயரிங், சீட், குரோமுக்கு 50,000. மிச்சம் 1.4 லட்சம். பெரும்பாலானவர்கள் இங்கே நின்று, அதுவரை ஏலம் கேட்டுவிடுகிறார்கள். பத்துப் பேர் ஒரே வண்டியை மதிப்பிட்டால் சிலர் குறைவாகவும் சிலர் அதிகமாகவும் தவறுவார்கள். ஏலத்தில் ஜெயிப்பவர் மிக அதிகமாகத் தவறியவராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மெக்சிகோ வளைகுடா எண்ணெய் வயல் ஏலங்களை வைத்து அமெரிக்கப் பொறியாளர்கள் மூவர் 1971இல் இதை விளக்கினார்கள். அதற்கு 'வென்றவர் சாபம்' என்று பெயர். அதனால் பாடிச் செலவில் பாதியை, அதாவது 75,000 ரூபாயை, பார்க்க முடியாத துருவுக்காகக் கழித்துவிடுவேன். அதற்குமேல் கேட்பதில்லை என்று, மிஞ்சும் 65,000 ரூபாயை வீட்டிலேயே தாளில் எழுதி மடித்துக்கொண்டு போவேன். 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று குரல் ஏறும்போது மனசு கணக்குப் போடாது.

இன்னொன்று. காயலாங்கடைக்கென்று கழித்து விற்கும் வண்டிக்கு மறுபடி ஆர்.சி. (பதிவுச் சான்று) கிடைக்கும் என்று நம்பி எடுக்காதீர்கள். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டணம், நம்பர் பிளேட்டில் 'விஏ' எழுத்து, 10 வருடம் செல்லும், தினசரி ஓட்டக்கூடாது. சேஸிஸும் பாடியும் இன்ஜினும் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே சேஸிஸ் எண் பொறித்த இடத்தைத் துரு தின்றிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் படித்துவிட்டு, பிறகு கையைத் தூக்குங்கள்.

என் பத்மினிக்கு மாமா புதுத் தகடு வளைத்து அடிப்பெட்டி செய்தார். மூடுவதற்கு முன் உள்ளே பிரைமர் அடித்து, மெழுகு பூசி, வடிகால் துளைகளைத் திறந்து வைத்தார். மழை விட்டதும் நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்தத் துளைகளைத்தான். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்குகிறதா என்று.