பத்தாவது சிணுங்கலுக்குக் கிடைத்த பிஸ்கட்

பினாங்கில் கால்நடை மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு, உண்ணிக் காய்ச்சலுக்கும் தோல் அரிப்புக்கும் அடுத்தபடியாக அதிகம் வந்து சேரும் முறையீடு நாயின் ஓயாத சிணுங்கல்தான். வீட்டார் கைப்பேசியில் பேசத் தொடங்கினாலும் சாப்பிட அமர்ந்தாலும் காலடியில் வந்து முனகும், பிறகு கீச்சிடும், அதுவும் பலிக்காவிட்டால் குரைக்கும். தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் வரிசை வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்து நிற்பதால், பக்கத்து வீட்டாரின் பொறுமை தீர்ந்து மாநகர் மன்றம் வரை புகார் போன பிறகே பலர் என்னிடம் வருகின்றனர். அதற்குள் அந்தப் பழக்கம் நன்றாக வேரூன்றியிருக்கும்.

பழக்கம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் உடலைப் பார்த்தாக வேண்டும். அதுவரை அமைதியாக இருந்த நாய் திடீரென்று சிணுங்கத் தொடங்கினால், அதை நோயின் அறிகுறியாகக் கருதிப் பரிசோதிப்பதே முறை. நம் ஊரின் வெக்கையிலும் ஈரக்காற்றிலும், காக்கர் ஸ்பேனியல் போன்று காது மடல் தொங்கும் நாய்களுக்குக் காதுக்குள் பூஞ்சை எளிதில் பெருகும். அந்த வலியில் இரவெல்லாம் முனகிய நாயை "அடம் பிடிக்கிறது" என்று பல நாள் கண்டித்துவிட்டு, உண்மை தெரிந்ததும் என் எதிரே கண்கலங்கி நின்ற ஒரு தாயை நான் மறக்கவில்லை. வயதான நாய் என்றால் மூட்டு வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தூண்டும் சிறுநீரக நோய் அல்லது நீரிழிவு, முதியவர்களின் மறதி நோயைப் போன்ற மூளைத் தளர்ச்சி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். வலியாக இருக்குமோ என்று எண்ணி வீட்டிலுள்ள பாராசிட்டமோல், இபுப்ரோஃபென் மாத்திரைகளை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். அவை நாயின் உயிருக்கே ஆபத்தானவை.

உடலில் குறையில்லை என்று உறுதியான பின்னரே பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த ஒரு குடும்பம் பிளாக்கி என்ற இரண்டு வயது நாட்டு நாயை அழைத்து வந்தது. "நாங்க யாரும் செல்லம் கொடுக்கிறதே இல்லை, டாக்டர்" என்றார் அந்த அம்மா. ஒரு வாரம், பிளாக்கி சிணுங்கும் ஒவ்வொரு முறையும் யார் என்ன செய்தார் என்று ஒரு தாளில் குறித்துவரச் சொன்னேன். தாள் வந்தது. அப்பா "சும்மா இரு!" என்று அதட்டியிருந்தார். அம்மா திரும்பிப் பார்த்து "என்னடா வேணும்?" என்று கேட்டிருந்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவிட்டுப் பகலில் உறங்கும் மகன், தூக்கம் கெடக் கூடாதென்று பிஸ்கட் கொடுத்திருந்தார். பாட்டியோ, மாலைத் தேநீரில் நனைத்த ரொட்டித் துண்டை யாரும் பார்க்காத நேரத்தில் நீட்டியிருந்தார். நால்வருக்கும் இவை வெவ்வேறு செயல்கள். பிளாக்கிக்கு நான்குமே கூலி. அதட்டுவதும் அதனிடம் பேசுவதுதானே!

ஒன்பது முறை மறுத்துப் பத்தாவது முறை கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் கெடுதலானது. எப்போதும் பரிசு பெற்ற பழக்கத்தைவிட, எப்போதாவது பரிசு பெற்ற பழக்கமே அழியாமல் நீடிக்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் கொண்டு சென்ற நூற்றாண்டிலேயே காட்டியிருக்கிறார். ஒருமுறை லாட்டரியில் நம்பர் விழுந்தவர் அடுத்தடுத்த வாரங்களிலும் நம்பர் எடுக்கப் போவதை நம் ஊரில் பார்க்கிறோமே, அதே கணக்குதான். போதாதற்கு, கூலி நின்றதும் சிணுங்கல் குறைவதற்கு முன் சில நாட்கள் உச்சத்துக்கு ஏறும். பெரும்பாலான குடும்பங்கள் அந்த நாட்களில்தான் தோற்றுப் போகின்றன. இன்னும் உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்று நாயும் கற்றுக்கொள்கிறது.

ஆகவே "கண்டுகொள்ளாதீர்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பும் அறிவுரை எனக்கு உடன்பாடானதன்று. நாள் முழுவதும் கார் நிறுத்துமிடத்தில் சங்கிலியோடு கிடக்கும் நாய்க்குச் சிணுங்குவதைத் தவிர வேறு வேலை இல்லை. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்கு தன் இயல்புப்படி நடந்துகொள்ள வாய்ப்பளிப்பதையும் உரிமையாளரின் கடமையாகவே வைத்திருக்கிறது. காலையில் தார்ச்சாலை சுடுவதற்கு முன்பும் மாலையில் அது ஆறிய பின்பும் நடக்க அழைத்துச் செல்லுங்கள். புறங்கையைச் சில நொடி தரையில் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நடையில் அவசரப்படுத்தாமல் மோப்பம் பிடிக்க விடுங்கள். உணவின் ஒரு பகுதியைப் பழைய துண்டில் சுருட்டி வைத்துத் தேடி எடுக்கச் செய்யுங்கள்.

அதன் பிறகே அமைதிக்குக் கூலி கொடுக்கத் தொடங்க வேண்டும். நாய்க்கென ஒரு பாய் விரித்து, இரண்டு நொடி வாய் மூடியிருந்தாலும் அந்தப் பாயிலேயே ஒரு துண்டு வையுங்கள். பிறகு ஐந்து நொடி, பத்து நொடி என்று நீட்டுங்கள். சிணுங்கத் தொடங்கிய பின் பாய்க்கு அனுப்புவதைவிட, நீங்கள் தட்டில் சோறு போடுவதற்கு முன்பே அனுப்பிவிடுவது நல்லது. கட்டளைச் சொல்லும் ஒன்றாகவே இருக்கட்டும். அப்பா "உட்காரு" என்றும் மகன் "சிட்" என்றும் அண்டை வீட்டார் மலாயில் "டுடோக்" என்றும் சொன்னால், நாய் குழம்புவது அதன் குற்றமன்று. பிளாக்கியின் வீட்டில் பாட்டியை நான் தடுக்கவில்லை. ரொட்டியைப் பாயில் அமைதியாகக் கிடக்கும்போது மட்டும் கொடுங்கள் என்றேன். அவர்தான் எல்லோரையும்விடக் கண்டிப்பாக இருந்தார். ஐந்தாம் இரவு பிளாக்கி வீட்டையே எழுப்பியது. இரண்டாம் மாதத்தில் தேநீர்க் கோப்பையின் ஓசை கேட்டதும் தானாகவே பாய்க்குப் போனது.

மின் அதிர்ச்சி தரும் கழுத்துப் பட்டைகளை வாங்க வேண்டாமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அவை ஓசையை அடக்கலாம்; ஓசைக்குக் காரணமான அச்சத்தை வளர்க்கும்.

அச்சத்தால் எழும் சிணுங்கல் முற்றிலும் வேறானது. தீபாவளி இரவிலும், சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவில் ஜார்ஜ்டவுன் கடலோரச் சாலையான வெல்ட் கீ பக்கம் வெடிக்கும் வாணங்களுக்கும் நடுங்கும் நாயை அணைத்துக்கொள்ளுங்கள். ஆறுதல் சொல்வதால் அச்சம் கூடிவிடாது. அதுபோலவே, கோவிட் தொற்றுக்காக 2020 மார்ச் 18இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வீடு நிறைய மனிதர்களோடு வளர்ந்து, பிறகு திடீரென்று தனித்து விடப்பட்ட குட்டிகள் பலவற்றைப் பார்த்தேன். ஆளில்லாதபோது மட்டும் அலறி, கதவைப் பிறாண்டி, எச்சில் வடிக்கும் நாய் எதையும் கேட்டு அழவில்லை, பீதியில் அழுகிறது. அதைக் கண்டுகொள்ளாமல் விடுவது நோயை முற்றச் செய்யும். ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று பிரிவைப் படிப்படியாகப் பழக்க வேண்டும். சில நாய்களுக்கு மருந்தும் தேவைப்படும். அத்தகைய ஐயம் இருந்தால், வெளியே கிளம்பும்போது ஒரு கைப்பேசியைப் பதிவில் வைத்துவிட்டுச் சென்று, முதல் அரை மணி நேரப் படத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.