இரண்டு சாவிகள், ஒரே பகா எண்

8633-இன் பகாக் காரணிகளைக் கையால் கண்டுபிடித்துப் பாருங்கள். 2, 3, 5, 7 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போனால், 24-ஆவது முயற்சியில்தான் 89 மாட்டும். 89 × 97. நாலு இலக்கத்துக்கே இந்தப் பாடு.

இந்தச் சிரமத்தை நம்பித்தான் 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் ஆர்.எஸ்.ஏ பூட்டை, அதாவது தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் முறையை, உருவாக்கினார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வரும் எண்ணைப் பொதுச் சாவியில் ஊரறிய வைக்கிறோம். அதை மறுபடி இரண்டாக உடைக்க முடிந்தவருக்கு ரகசியச் சாவி கிடைத்துவிடும். 2048 பிட் சாவியில் அந்த எண்ணுக்கு 617 இலக்கங்கள். 2020-இல் 250 இலக்க எண் ஒன்றை உடைக்கவே, ஒற்றைச் செயலியாக இருந்தால் சுமார் 2,700 ஆண்டுகள் ஓட வேண்டிய அளவு கணக்கு தேவைப்பட்டது.

சரி, அப்படியானால் 2048 பிட் வைத்தால் கவலை இல்லைதானே? கணினிப் பாதுகாப்புத் தணிக்கைக்குப் போகும் இடமெல்லாம் இந்தக் கேள்வி வரும். அப்போது 8633-க்குப் பக்கத்தில் 8989 என்று எழுதிக் காட்டுவேன்.

பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 356. 8633-ஐ 356-ஆல் வகுத்தால் மீதி 89. 356-ஐ 89-ஆல் வகுத்தால் மீதி இல்லை. அவ்வளவுதான், 89 இரண்டுக்கும் பொதுக் காரணி. ஒரு பகா எண்ணைக்கூடத் தேடாமல் இரண்டு எண்களும் உடைந்துவிட்டன. பள்ளியில் மீப்பெரு பொதுக் காரணி காணப் படித்த யூக்ளிட் முறைதான் இது. 617 இலக்க எண்களுக்கும் நொடிக்குள் வேலையை முடித்துவிடும்.

ஒருமுறை ஒரு நிறுவனத்தின் கிளைகளில் இருந்த ஒரே மாடல் ரூட்டர்களின் பொதுச் சாவிகளைத் திரட்டி, இரண்டிரண்டாக இப்படிச் சோதித்தேன். ஒரு ஜோடியில் பொதுக் காரணி வந்தது. "சாவி 2048 பிட்தானே சார்?" என்றார் நெட்வொர்க் பொறுப்பாளர். அவர் மேல் தப்பு இல்லை. சாவியை உருவாக்கியது அந்த ரூட்டர் பெட்டியேதான்.

புதுப் பெட்டியை முதன்முதலாக ஆன் செய்ததும் அது சாவி தயாரிக்க உட்கார்ந்துவிடுகிறது. கணிக்க முடியாத எண்ணை எடுக்க அதற்குக் கொஞ்சம் ஒழுங்கின்மை வேண்டும்: தட்டச்சு, வட்டு, நெட்வொர்க் போக்குவரத்தின் நேர இடைவெளிகள் போல. பெட்டியைப் பிரித்த அந்த நிமிடத்தில் இவை எதுவும் போதுமான அளவில் இருக்காது. அதனால் ஒரே நிலையில் எழுந்த இரண்டு பெட்டிகள் ஒரே முதல் பகா எண்ணை எடுத்துவிடலாம். இரண்டாவதை எடுப்பதற்குள் கடிகாரம் சற்று நகர்ந்திருக்கும், அது மட்டும் வேறாக அமையும். இதைவிட மோசமான சேர்க்கை இல்லை. இரண்டும் ஒன்றாக இருந்திருந்தால் சாவியே ஒன்றாகியிருக்கும். ஒப்பிட்ட உடனே கண்ணில் பட்டிருக்கும்.

2012-இல் நாடியா ஹெனிங்கர் குழுவினர் இணையம் முழுவதும் அலசியபோது, பாதுகாப்பான இணைப்பு தரும் டி.எல்.எஸ் கருவிகளில் 0.5 சதவீதத்தின் ரகசியச் சாவிகளை இப்படி எடுத்துவிட முடிந்தது. பெரும்பாலும் ரூட்டர், ஃபயர்வால் போன்றவை. அதன் பிறகு, இத்தகைய பெட்டிகள் பலவற்றில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம் கணிக்க முடியாத எண்களை எடுக்கும் முறை திருத்தப்பட்டது. ஆனால் பழைய ஃபர்ம்வேரோடு (பெட்டிக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) ஓடும் பெட்டிகளுக்கு அந்தத் திருத்தம் தானாகப் போய்ச் சேராது.

ஆகவே ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, பெட்டியைச் சில மணி நேரம் வேலை செய்யவிட்டு, அப்புறம் பழைய சாவியை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள். முடிந்தால் நல்ல சர்வரில் உருவாக்கிப் பெட்டியில் ஏற்றுங்கள். சாவிகளின் கைரேகையை (சாவியிலிருந்து கணக்கிடும் சுருக்கமான அடையாளக் குறி) மட்டும் ஒப்பிட்டுவிட்டு நிம்மதி அடையாதீர்கள். ஒரு பகா எண்ணை மட்டும் பகிரும் சாவிகளின் கைரேகைகள் வெவ்வேறாகத்தான் இருக்கும். எண்களையே எடுத்து, பொதுக் காரணி 1 தானா என்று பாருங்கள்.