கை பாதி உயரத்தில் ஏன் வலிக்கிறது?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் என் அப்பா 30 ஆண்டுகள் செம்பனைக் குலை வெட்டினார். நட்டு 20 ஆண்டைக் கடந்த மரத்தில் குலை வீட்டுக் கூரையைவிட உயரத்தில் இருக்கும். நீண்ட அலுமினியக் கழியின் நுனியில் அரிவாளைப் பொருத்தி, மட்டையை அறுத்து, பிறகு குலைக் காம்பில் மாட்டி இழுக்க வேண்டும். கழியை நிமிர்த்தித் தாங்கும் சுமை நாள் முழுவதும் தோளில் இறங்கும்.

ஐம்பது வயதைத் தாண்டியபோது சட்டை மாட்டுவதே அவருக்குப் பெரும்பாடாயிற்று. கையைத் தொங்கவிட்டால் வலி இல்லை. தலைக்கு மேல் முழுவதும் தூக்கிவிட்டாலும் அவ்வளவாக இல்லை. நெஞ்சு உயரத்திலிருந்து காது உயரம் வரைக்கும்தான் உயிர் போயிற்று. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. வாயு பிடித்திருக்கிறது என்றார்கள். தைலம் தேய்த்து, கோயோ என்ற மருந்துப் பட்டையை ஒட்டி, கையை அசைக்காமல் வைத்திருக்கச் சொன்னார்கள். ஆறு மாதம் அப்படியே வைத்திருந்தார். தோள் மேலும் மோசமாயிற்று. அந்த ஆறு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

தோள் ஒரு பந்துக்கிண்ண மூட்டு என்று பாடப்புத்தகம் சொல்லும். கிண்ணம் என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். இடுப்பில் இருப்பது உண்மையிலேயே ஆழமான கிண்ணம். தோளில் இருப்பதோ சிறு தட்டு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அது தாங்குவதில்லை. கை எல்லாத் திசையிலும் சுழல வேண்டும் என்பதற்காக உடல் செய்துகொண்ட பேரம் இது. எலும்பு விட்டுக்கொடுத்த உறுதியைத் தசைகள் ஈடுசெய்கின்றன.

அந்தத் தசைகள் நான்கு. முன்னால் ஒன்று, மேலே ஒன்று, பின்னால் இரண்டு. நான்கும் தோள்பட்டை எலும்பில் தொடங்கி, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களாகி, சட்டைக் கையின் பட்டிபோல உருண்டைத் தலையைச் சுற்றிப் பற்றிக்கொள்கின்றன. இந்தப் பட்டிக்குத்தான் ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். வலியில் பெரும்பாலும் சிக்குவது மேலே ஓடும் சூப்ராஸ்பினேட்டஸின் தசைநாண்.

இவற்றின் வேலையை, நீண்ட ஏணியைத் தரையிலிருந்து நிமிர்த்தியவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ஒருவர் அடியை மிதித்துக்கொள்ள, மற்றவர் நுனியைத் தூக்குவார். மிதிப்பவர் காலை எடுத்துவிட்டால் ஏணி நிமிராமல் சறுக்கும். தோளில் தூக்குபவர், வெளியே புடைத்துத் தெரியும் பெரிய டெல்டாய்ட் தசை. மிதித்துக்கொள்பவை இந்த நான்கும். அவை தளர்ந்தால், டெல்டாய்டின் இழுப்பில் உருண்டைத் தலை மேல்நோக்கி நழுவும். அதற்கு மேலே தோள்பட்டையின் ஒரு நீட்சியான அக்ரோமியன், கூரைபோல நிற்கிறது. கூரைக்கும் தலைக்கும் நடுவே ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் இடம். அதற்குள்தான் தசைநாணும், உராய்வைக் குறைக்கும் சிறு நீர்ப்பையும் இருக்க வேண்டும். கை 60 பாகையிலிருந்து 120 பாகைக்குள் உயரும்போது தசைநாணின் மேல் பளுவும் நெருக்கமும் கூடுகின்றன. அப்பாவுக்கு உயிர் போன இடம் அதுதான்.

1972-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் சார்ல்ஸ் நீர், கூரை எலும்பு உரசுவதால்தான் தசைநாண் நைந்துபோகிறது என்று விளக்கினார். விளக்கம் எளிது; தீர்வும் எளிதாகத் தெரிந்தது: எலும்பின் அடிப்பக்கத்தைச் செதுக்கிவிட்டால் போதும். உலகெங்கும் அந்த அறுவை பரவியது. 2018-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு அதை நேர்மையாகச் சோதித்தது. 313 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு எலும்பைச் செதுக்கினார்கள். இன்னொரு பிரிவினருக்குக் குழாயை விட்டு உள்ளே பார்த்ததோடு சரி. மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் செய்யவில்லை. எலும்பு செதுக்கப்பட்டவர்களுக்கும் வெறுமனே பார்க்கப்பட்டவர்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆண்டு பின்லாந்து ஆய்வொன்றும் அதையே கண்டது.

எலும்பின் உரசலே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற கருத்து அதோடு ஆட்டங்கண்டது. தசைநாண் தாங்கக்கூடியதற்கும் நாம் அதனிடம் கேட்பதற்கும் உள்ள இடைவெளியே இன்று முதன்மையாகப் பார்க்கப்படுகிறது. நெடுநாள் சும்மா இருந்த கையால் ஒரே வாரயிறுதியில் வீடு முழுக்கச் சாயம் அடித்தாலும் இதே வலி வரும். வயது ஒரு காரணம். நீரிழிவு இன்னொன்று, மிகையான சர்க்கரை தசைநாணின் கொலாஜன் இழைகளில் ஒட்டி அவற்றை விறைக்கச் செய்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. தோள்வலி என்று போகிறவர் சர்க்கரையையும் பார்த்துவிட்டு வருவது நல்லது.

ஸ்கேனில் கிழிசல் என்று எழுதியிருந்தால் நிலைகுலைய வேண்டாம். அறுபதைத் தாண்டிய பலருடைய தோளில், எந்த வலியும் இல்லாமலேயே கிழிசல் இருக்கிறது.

அப்பாவைத் திருப்பியது ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட். "தூக்குங்கள் ஐயா, கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் எப்படி இருக்கிறது என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்" என்றார். மறுநாள் வலி பழைய அளவுக்குத் திரும்பியிருந்தால் அந்தப் பளு சரி. கூடியிருந்தால் குறைக்க வேண்டும். முதலில் முழங்கையை மடித்துப் புறங்கையால் சுவரைத் தள்ளினார். பிறகு விரல்களைச் சுவரில் நடக்கவிட்டு ஏறினார். பிறகு பழைய சைக்கிள் டியூப் ஒன்றைக் கதவில் கட்டி வெளிப்புறமாக இழுத்தார். தோள்பட்டைக்கும் பயிற்சி இருந்தது. கை முழுவதும் உயரும் 180 பாகையில் மூன்றில் ஒரு பங்கு தோள்பட்டை சுழல்வதால் கிடைப்பது. தசைநாண் மெதுவாகத்தான் வலுக்கும் என்பதால் இதற்கு மூன்று மாதமாவது ஆகும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைத் தணிக்கலாம். பயிற்சியின் இடத்தை அது நிரப்பாது.

எல்லாத் தோள்வலியும் இதுவல்ல. பிறர் பிடித்துத் திருப்பினாலும் கை வெளிப்புறமாகத் திரும்பவில்லை என்றால் அது உறைந்த தோளாக இருக்கலாம். நீரிழிவுக்காரர்களுக்கு அது கூடுதலாக வரும். விழுந்தபின் கையைத் தூக்கவே முடியாவிட்டால், காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்கினால் உடனே மருத்துவரைப் பாருங்கள். தோள்வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் தைலத்தைத் தேடாமல் 999-ஐ அழையுங்கள்.

அப்பா இப்போது குலை வெட்டுவதில்லை. கதவில் அந்த டியூப் இன்னும் தொங்குகிறது. காலைக் காப்பிக்கு முன் பதினைந்து முறை இழுக்கிறார்.