உளவியல் என்ற சொல்லும் அந்தப் படிப்பும்

காட்பாடியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சைக்காலஜி படிக்கப்போவதாகச் சொன்னாள். முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவள் ஆயா நிமிர்ந்து, "பாகாயம் ஆஸ்பத்திரில பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கறதா கண்ணு?" என்று கேட்டார். அவளுக்குப் பதில் வரவில்லை. தமிழ்ச்சொல்லைச் சொல்லியிருந்தால் பாதிப் பதில் அதிலேயே இருந்திருக்கும்.

சைக்காலஜி கிரேக்க வேரில் பிறந்தது. 'ப்சூகே' என்றால் மூச்சு, உயிர், ஆன்மா. வண்ணத்துப்பூச்சிக்கும் அதே பெயர்தான். 'லோகோஸ்' என்றால் சொல், ஆராய்ச்சி. ஆன்மாவைப் பற்றிய பேச்சாக இருந்தது, 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் அமைத்த பிறகு சோதித்து அளந்து பார்க்கும் அறிவியலாக வளர்ந்தது.

தமிழில் முன்பு மனோதத்துவம் என்றார்கள். இப்போது பாடநூல்களில் உளவியல். உளம் + இயல். மகரம் கெட்டு, நடுவில் வ் உடம்படுமெய்யாக வந்தது. இதை உளவு + இயல் என்று பிரித்துக்கொண்டு, "அப்போ என் மனசுல என்ன இருக்கு, சொல்லு பாக்கலாம்" என்று கேட்கிறவர்கள் நிறைய. வேவு பார்க்கும் வேலை இதில் இல்லை. உளத்துக்கு அடியில் இருப்பது 'உள்'. உள்ளுதல் என்றால் நினைத்தல், "உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்" என்கிறாரே வள்ளுவர், அதே உள்ளுதல். நினைப்பது, மறப்பது, பயப்படுவது, குழந்தை பேசக் கற்பது எல்லாம் இதில் பாடம். நோய் என்ற பொருள் இந்தச் சொல்லில் எங்குமே இல்லை, அதனால்தான் எனக்கு இது பிடிக்கும்.

சரி, வைத்தியம்? எம்.பி.பி.எஸ். முடித்து மேலே படித்து மாத்திரை எழுதித் தருகிறவர் மனநல மருத்துவர். உளவியல் படித்து, இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற பயிற்சியை முடித்துப் பதிவு செய்கிறவர் மருத்துவ உளவியலாளர். சோதனைகள் செய்வார், பேச்சுவழிச் சிகிச்சை தருவார், மாத்திரை எழுதமாட்டார். வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் இருவருமே உண்டு. நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்குவது அங்கே பல்லாண்டு வழக்கம். அப்புறம் பள்ளி, விளையாட்டு, நிறுவனங்களின் ஆளெடுப்பு, போதை மறுவாழ்வு என்று ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத வேலைகளும் இருக்கின்றன.

இவற்றில் ஒரு வேலைக்குத்தான் பெயர்க் குழப்பம். மனக்கவலையோடு வருகிறவர்களிடம் பேசி வழிகாட்டுகிறவரைக் கவுன்சிலர் என்று தமிழில் எழுதினால் தெருவிளக்கு எரியவில்லை என்று நாம் போய்ச் சொல்லும் வார்டு கவுன்சிலரும் அவரே! இதற்கு நல்ல சொல் ஆற்றுப்படுத்துநர். அரசு அறிவிப்புகளிலேயே வருகிறது, பேச்சில்தான் காணோம். ஆறு என்றால் வழி. பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தர், வறுமையில் எதிரே வருகிற கூத்தருக்கு வழிசொல்வது ஆற்றுப்படை. நம் பழைய வடஆர்க்காட்டுச் செங்கம்தான், 1989இல் திருவண்ணாமலை மாவட்டத்தோடு போன அதே செங்கம், மலைபடுகடாம் என்ற சங்கப் பாட்டில் நன்னன் என்ற தலைவனின் ஊர். கூத்தராற்றுப்படை என்றும் அந்தப் பாட்டுக்குப் பெயர். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, தினைப்புனக் காவலர் வீசும் கவண்கல் எந்தப் பக்கமிருந்து வரும், எங்கே சோறு கிடைக்கும் என்று அந்தப் பாட்டு எச்சரித்துச் சொல்லிக்கொண்டே போகும். ஆனால் நடந்து போகவேண்டியவர் எதிரே வந்தவர்தான், வழிசொன்னவர் அவரைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் ஆயா பக்கம் திரும்பி, "வழி தெரியாம நிக்கறவங்களுக்கு வழி சொல்ற படிப்பு ஆயா" என்றாள். ஆயா கீரைக் காம்பை ஒதுக்கியபடி, "அதுக்கு எத்தினி வருசம் படிக்கணும்?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.